மூன்று அங்குலம், அப்படியே இருக்கிறது

அன்புள்ள பாப்பாவுக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் நலம், அங்கே நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். வழக்கமாக இந்த வரியை எழுதிவிட்டு அடுத்த சங்கதிக்குப் போய்விடுவேன். இந்தத் தடவை அப்படிப் போக முடியவில்லை, ஏனென்றால் நான் நலமாக இருப்பதுதான் சங்கதியே. எனக்கு முதுகு வலிக்கவில்லை. வலித்தால் காரணம் தெரியும், வலிக்காவிட்டால் யாரைப் போய்க் கேட்பது? உன் அப்பா எடை அளவு இன்ஸ்பெக்டராக உத்தியோகம் பார்த்தவன். தராசுத் தட்டு ஒன்று காரணமில்லாமல் சாதுவாக நின்றாலே அதன் அடியில் விரலை விட்டுத் தடவிப் பார்த்துவிடுவேன், அங்கே மெழுகோ ஈயமோ ஒட்டியிருக்கும். என் முதுகும் இப்போது அப்படித்தான் சாதுவாக இருக்கிறது. இதையெல்லாம் போனில் சொல்லாமல் ஏன் எழுதுகிறேன் என்று கேட்பாய். நான் போனை எடுத்தால் அம்மா தையல் மிஷினை நிறுத்திவிடுகிறாள். மிஷின் ஓடினால் அவள் காது மிஷினில் இருக்கிறது, நின்றால் என்மேல் இருக்கிறது. ஆகவே கடிதம். தனியாக இருக்கும்போது படி. மாப்பிள்ளையிடமும் இப்போதைக்குச் சொல்லாதே, அவர் நல்ல மனிதர், நல்ல மனிதர்கள் வாயில் ரகசியம் நிற்காது.

போன வருஷம் நடந்தது உனக்குத் தெரியும் என்றாலும் வரிசையாகச் சொன்னால்தான் எனக்கும் தெளியும். நானும் கேஷியரும் வருஷா வருஷம் சைக்கிளில் ஆற்று முகத்துவாரம்வரை போய் வருவோம் இல்லையா, பேங்கிலிருந்து ஓய்வு பெற்றவர், என்னோடு படித்தவர், உனக்குச் சின்ன வயதில் சில்லறைக் காசுகளை அடுக்கி விளையாட்டுக் காட்டியவர், அவர்தான். போன தடவை பாதி வழியில் ஒரு மேட்டில் என் முதுகு பிடித்துக்கொண்டது. இறங்கவும் முடியவில்லை, நிமிரவும் முடியவில்லை, ஹேண்டில்பாரைப் பிடித்தபடியே சாலை ஓரத்தில் வளைந்து நின்றேன். கடைசியில் சிமென்ட் மூட்டை ஏற்றிப் போன ஒரு லாரியில் மூட்டைகளின் மேல் மல்லாந்து படுத்து வீடு வந்தேன், சைக்கிள் என் பக்கத்தில் படுத்து வந்தது. டாக்டர் படத்தைத் தூக்கிப் பிடித்து, முதுகெலும்பில் இரண்டு தட்டுகள் தேய்ந்திருக்கின்றன, இந்த வயதில் எதற்கு இந்த வேண்டாத வேலை என்று கேட்டார். அவருக்கும் எனக்கும் ஏறக்குறைய ஒரே வயது என்பதால் அந்தக் கேள்வி எனக்குப் பிடிக்கவில்லை. வலி மாத்திரை எழுதிக்கொடுத்தார், நான் தொடவில்லை. மாத்திரை போட்டுக்கொண்டு வலி இல்லை என்பது, தராசின் முள்ளை விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு எடை சரி என்பதுபோல.

அப்போது நீ வீடியோவில் வந்து சொன்னாய், அப்பா, நீங்க ஓட்டறதை நிறுத்த வேண்டாம், ஹேண்டில்பாரை மட்டும் கொஞ்சம் மேலே ஏத்துங்க, இடுப்பு அவ்வளவு மடங்காது, முதுகு நிமிரும் என்று. நியாயமாகத்தான் சொன்னாய். நான்தான் குதித்தேன். அந்தச் சைக்கிள் எனக்கு எதற்காக வந்தது என்று நினைத்துப் பார். ஆபீஸ் ஜீப்பில் போனால் தெரு முனையிலேயே சத்தம் கேட்டு எல்லாக் கடைக்காரனும் கள்ளப் படிக்கல்லை உள்ளே தள்ளிவிட்டு நல்ல படிக்கல்லை எடுத்து வைத்துவிடுவான். அதனால்தான் தூரப் பயணத்துக்கென்று செய்த அந்த வண்டியை வாங்கி, குனிந்து, காற்றுக்கு வழிவிட்டு, சத்தமில்லாமல் போய்க் கடை வாசலில் நிற்பேன். சீட்டைவிட ஹேண்டில்பார் மூன்று அங்குலம் தாழ்ந்திருக்க வேண்டும், அதுதான் என் அளவு, உத்தியோகத்தில் இருந்த காலம் முழுக்க அதுதான். கேஷியர் தன் மூட்டுவலிக்காக ஹேண்டில்பாரை நெஞ்சுக்கு நேராக ஏற்றிவிட்டார், சாய்வு நாற்காலியில் உட்கார்ந்து பேப்பர் படிக்கிறவர் மாதிரிதான் சைக்கிள் ஓட்டுகிறார். அவரை நான் செய்யாத கேலி இல்லை. அந்த ஆத்திரத்தில் உன்னிடம் சொல்லிவிட்டேன், ஹேண்டில் ஏறினால் நான் இறங்கிவிட்டேன் என்று அர்த்தம், அன்றைக்கே வண்டியை விற்றுவிடுவேன் என்று. நீ ஒன்றும் பேசாமல் குழந்தையைத் தூக்கிக்கொண்டு எழுந்து போனாய். அம்மா அதோடு விடவில்லை. தினமும் சாப்பாட்டு வேளையில் வண்டியை வித்துத் தொலைங்க, அது நிக்கிற நடையிலாவது துணி காயப்போடலாம் என்று ஆரம்பித்துவிடுவாள். ஆக, டாக்டர் ஒரு பக்கம், அம்மா ஒரு பக்கம், உன் மௌனம் ஒரு பக்கம். கேஷியர் மட்டும், ஏம்ப்பா, வர்ற வருஷம் ஒரு தடவை பார்ப்போம், இந்தத் தடவையும் பாதியில படுத்துட்டா ரெண்டு பேரும் சேர்ந்தே விட்டுருவோம் என்றார். அதற்கு ஒப்புக்கொண்டேன். அந்தப் பயணம் அடுத்த மாசக் கடைசியில். இதில் முகத்துவாரத்தைப் பார்த்துவிட்டுச் சைக்கிளிலேயே வீடு திரும்பினால் இன்னும் சில வருஷம் நான் நானாக இருப்பேன். இன்னொரு லாரி ஏறினால் அவ்வளவுதான், மிச்சக் காலம் ஜன்னல் பக்கம் உட்கார்ந்து போகிறவன் வருகிறவனைச் சந்தேகப்பட்டுக்கொண்டு கிடக்க வேண்டியதுதான்.

அதற்காக இந்த வருஷம் சில விஷயங்களில் விட்டுக்கொடுத்தேன், மறைக்கவில்லை. முதுகில் மாட்டும் பையை நிறுத்திவிட்டுப் பின் சக்கரத்தின் இரண்டு பக்கமும் தொங்குகிற பைகள் மாட்டிக்கொண்டேன். சீட்டை அகலமான தோல் சீட்டாக மாற்றினேன். ஏறும்போது காலைத் தூக்கி வீசாமல், வண்டியைத் தரையோடு சாய்த்து, தாண்டி நின்று, பிறகு நிமிர்த்துகிறேன், யாரும் பார்க்காத நேரத்தில். மேட்டில் பல்லைக் கடித்துக்கொண்டு மிதிக்காமல் லேசான கியரில் காலைச் சுற்றவிடுகிறேன். கொஞ்ச தூரத்துக்கு ஒரு தடவை இறங்கி, மரத்தில் முதுகைச் சாய்த்து நின்று நிமிர்ந்துகொள்கிறேன், கேட்டால் காற்று வாங்குகிறேன் என்கிறேன். இதற்கெல்லாம் பலன் இருக்கும் என்று தெரியும், ஆனால் இவ்வளவு பலன் இருக்காது. கொஞ்ச நாள் முன்னால் கேஷியரோடு அணைக்கட்டுவரை போய்த் திரும்பினேன். வழக்கமாக வீட்டு வாசலில் இறங்கினால் கேள்விக்குறி மாதிரி நிற்பேன். அன்றைக்கு இறங்கினேன், நிமிர்ந்து நின்றேன், குனிந்து செருப்பைக்கூடக் கழற்றினேன். எனக்கே பயமாகிவிட்டது. வலி இப்படிச் சொல்லாமல் கொள்ளாமல் போனால் அதற்குப் பின்னால் யாரோ இருக்கிறார்கள் என்று அர்த்தம்.

முதல் சந்தேகம் வண்டிமேல். ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் வண்டியை அளக்கிற பழக்கம் எனக்கு உண்டு, நீயே சிரித்திருக்கிறாய். சீட்டின்மேல் ஒரு மர ரீப்பரை வைத்து ஹேண்டில்பார்வரை நீட்டி, ரசமட்டம் பார்த்து, ரீப்பரிலிருந்து ஹேண்டில்பார் எவ்வளவு தாழ்ந்திருக்கிறது என்று டேப்பால் அளப்பேன். அதற்கென்றே அம்மா எப்போதோ கொடுத்த துணி டேப் ஒன்று நடையில் ஆணியில் தொங்குகிறது. என் பழைய இரும்பு டேப்பில் எண்கள் எறும்பு மாதிரி தெரிகின்றன, தையல்காரர் டேப்பில் எண்கள் கொழுகொழுவென்று இருக்கும். அளந்தேன், மூன்று அங்குலம், மயிரிழை மாறவில்லை. அடுத்த ஞாயிறும் அப்படியே. வண்டி நிரபராதி என்று விட்டுவிட்டேன். இரண்டாவது சந்தேகம் கேஷியர்மேல். என்மேல் இரக்கப்பட்டு வேண்டுமென்றே மெதுவாகப் போகிறாரோ என்று நினைத்து, ஒரு நாள் சொல்லாமல் வேகத்தைக் கூட்டினேன். மனிதர் பின்னால் மூச்சுவாங்கிக்கொண்டு வந்து, என்னப்பா, பின்னால போலீஸ் வருதா என்றார். அவர்மேல் குற்றமில்லை. மூன்றாவது, சைக்கிள் கடை கிரீஸ். அவன் கை எப்போதும் கருப்பாக இருப்பதால் அந்தப் பெயர், அசல் பெயர் அவன் அம்மாவுக்காவது நினைவிருக்குமோ என்னவோ. வழக்கமாக நான் போனால் அதை மாத்துங்க சார், இதை மாத்துங்க சார் என்று உயிரை எடுப்பான். கொஞ்ச நாளாக எதையும் மாற்றச் சொல்வதில்லை, காற்றை மட்டும் அடித்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்கிறான். விற்கிறவன் விற்காமலிருந்தால் விஷயம் இருக்கிறது. வாயைப் பிடுங்கிப் பார்த்தேன், வண்டி நல்லா இருக்கு சார் என்பதற்கு மேல் ஒரு வார்த்தை வரவில்லை.

நாலாவது சந்தேகம் உன் அம்மாமேல், இதை எழுதும்போதுகூடத் திரும்பிப் பார்த்துக்கொள்கிறேன். வண்டியை விற்கச் சொல்கிறவள் ஒரு நாள் பச்சைத் துணியில் ஹேண்டில்பார் கழுத்துக்கு ஓர் உறை தைத்து மாட்டிவிட்டிருந்தாள், மழைத் தண்ணி இறங்கித் துரு பிடிக்குது, பார்க்க சகிக்கல என்றாள். வேண்டாத பொருளுக்கு யாராவது சட்டை தைத்துப் போடுவார்களா? அதற்குப் பிறகு இன்னொன்று. உன்னோடு போனில் பேசிக்கொண்டிருந்தவள் நான் உள்ளே வந்ததும் குரலைத் தாழ்த்தி, ஒரேயடியா வேணாம், கொஞ்சம் கொஞ்சமாத்தான் பண்ணணும், இல்லன்னா கண்டுபிடிச்சிடுவாரு என்று முடித்தாள். என்ன என்று கேட்டேன். ஒரு பெண்ணுக்குத் தைக்கிறேன், அவ புருஷன் கொஞ்சம் சந்தேகக்காரன் என்றாள், முகத்தில் ஓர் அசைவு இல்லை. நான் யோசித்தேன். கொஞ்சம் கொஞ்சமாக, கண்டுபிடிக்காதபடி, என் வலி போகும்படி. எனக்குத் தெரிந்து அப்படி ஒன்றுதான் இருக்கிறது, நான் தொடாமல் வைத்த அந்த மாத்திரை. பொடி பண்ணிப் பாலில் கலந்து கொடுக்கிறாள் என்று முடிவு கட்டிவிட்டேன். பாலை என் தம்ளரிலிருந்து அவள் தம்ளருக்கு மாற்றி வைத்துப் பார்த்தேன், அவள் பாட்டுக்குக் குடித்துவிட்டுத் தையலுக்கு உட்கார்ந்துவிட்டாள். ஒரு வாரம் பாலே வேண்டாம் என்றேன், அப்போதும் முதுகு வலிக்கவில்லை. ஆனால் சந்தேகம் ஒரு தடவை உட்கார்ந்துவிட்டால் எனக்கு எழுந்திருக்காது, உனக்குத் தெரியாததா.

இப்படி இருக்கும்போது உன் சித்தி குளியலறையில் வழுக்கி விழுந்துவிட்டாள் என்று போன் வந்து அம்மா அவசரமாகக் கிளம்பிப் போனாள். பயப்படாதே, எலும்பு ஒன்றும் முறியவில்லை, கணுக்கால் வீக்கம்தான், இப்போது நடமாடுகிறாள், நீ ஒரு போன் பண்ணி விசாரித்துவிடு, இல்லாவிட்டால் மனதில் வைத்துக்கொள்வாள். அம்மா இல்லாத நேரம் பார்த்து நான் சமையலறையைச் சோதனை போட்டேன். மாத்திரையைத் தேடி ஒவ்வொரு டப்பாவாகத் திறந்து, முகர்ந்து, கடைசியில் மேல் அலமாரியின் கண்ணாடிக் கதவைத் திறக்கும்போது ஸ்டூல் ஆடி, என் முழங்கை பட்டு, கண்ணாடி நடுவில் விரிசல் விட்டுவிட்டது. மாத்திரை அட்டை அங்கேதான் இருந்தது, ஒன்றுகூடக் குறையாமல். குற்றம் கண்டுபிடிக்கப் போய் குற்றவாளியாகிவிட்டேன். அவள் வருவதற்குள் காதும் காதும் வைத்தாற்போல் கண்ணாடியை மாற்றிவிட வேண்டும் என்று, நடையில் தொங்கிய அந்த டேப்பை எடுத்துக் கதவுச் சட்டத்தை நீளமும் அகலமும் அளந்து, கண்ணாடிக் கடையில் சொல்லி வெட்டி வாங்கி வந்தேன். பொருத்தினால் பொருந்தவில்லை. நீளத்திலும் அகலத்திலும் ஒன்றரை அங்குலம் பெரிதாக இருக்கிறது.

என் உத்தியோக ரத்தம் கொதித்துவிட்டது. குறைத்துக் கொடுத்து ஏமாற்றுகிற வியாபாரியைத்தான் பார்த்திருக்கிறேன், கூடக் கொடுத்து ஏமாற்றுகிறவனைப் பார்த்ததில்லை, இது ஏதோ புது வித்தை என்று கண்ணாடியையும் டேப்பையும் எடுத்துக்கொண்டு கடைக்குப் போய் நின்றேன். அந்தக் கடைக்காரருக்கு ஒரு காலத்தில் நான் அபராதம் போட்டிருக்கிறேன். என் முகத்தைப் பார்த்ததுமே அவர் கண்ணாடியைக்கூடப் பார்க்காமல், தப்பு எங்க பக்கந்தான் சார் இருக்கும் என்று சொல்லிவிட்டார். அது என் சந்தேகத்தை இன்னும் கூட்டியது. கடையில் இருந்த நாலு பேர் முன்னால், உங்கள் இரும்பு அடிக்கோலை எடுங்கள் என்றேன். எடுத்தார். முனை தேய்ந்திருக்கிறதா என்று பார்த்தேன், இல்லை. முத்திரை இருக்கிறதா என்று பார்த்தேன், இருந்தது. சரி, இப்போது பாருங்கள் என்று மேசைமேல் அடிக்கோலை வைத்து அதன் பக்கத்தில் என் டேப்பை நீட்டினேன். நான் புதிதாக வேலைக்குச் சேர்கிற பையன்களுக்கு ஒன்று சொல்லிக்கொடுப்பேன், அளக்கிறவன் கட்டைவிரலுக்கு அடியில் என்ன இருக்கிறது என்று முதலில் பார், எல்லாரும் எண் இருக்கிற பக்கம்தான் பார்ப்பார்கள், களவு ஆரம்பத்தில் இருக்கும் என்று. அந்தப் பழக்கத்தில் கட்டைவிரலை எடுத்துப் பார்த்தேன். என் கட்டைவிரலைத்தான். பித்தளை முனை இருந்தது. அதை அடுத்து ஒன்று என்கிற எண் இருக்க வேண்டும், இல்லை. எடுத்த எடுப்பில் இரண்டு வந்தது. டேப்பின் ஆரம்பத்தில் ஒன்றரை அங்குலத்தை யாரோ வெட்டி எடுத்துவிட்டு, பித்தளை முனையைத் திரும்ப வைத்துத் தைத்திருக்கிறார்கள். எவ்வளவு அழகான வேலை தெரியுமா? என் சட்டைப் பித்தான்களைத் தைத்து முடிக்கும்போது உன் அம்மா நூலை இரண்டு சுற்றுச் சுற்றி ஒரு குட்டி முடிச்சுப் போடுவாளே, அதே முடிச்சு. அந்த டேப்பில் ஒன்றரை அங்குலத்தை அளந்தால் மூன்று அங்குலம் என்று காட்டும். ஊரில் இருக்கிற கள்ள அளவையெல்லாம் பிடித்தவன் வீட்டு ஆணியில் கள்ள டேப் தொங்கியிருக்கிறது, ஞாயிறு தவறாமல் அதை வைத்து நானே அளந்து நானே சரி என்று சொல்லியிருக்கிறேன். அளவு என் தப்புதான் என்று கடைக்காரரிடம் சொன்னேன். அவர் நம்பவில்லை, இதில் ஏதோ சூது இருக்கிறது என்பதுபோல் என்னையே பார்த்துக்கொண்டு கண்ணாடியை வெட்டிக் கொடுத்தார். அடிக்கோலை ஒரு மணி நேரத்துக்கு இரவல் கேட்டேன், அதையும் கொடுத்தார்.

வீட்டுக்கு வந்து ரீப்பரை வைத்து அடிக்கோலால் அளந்தேன். ஒன்றரை அங்குலம். பச்சை உறையைக் கழற்றினேன், இத்தனை வருஷம் உள்ளே இருந்த தண்டு வெளியே வந்து பளபளவென்று புதிதாகத் தெரிந்தது. அதை மறைக்கத்தான் அந்தச் சட்டை. முதலில் கோபம்தான் வந்தது, பொய் சொல்ல மாட்டேன், என் டேப்பில் கை வைத்துவிட்டாளே என்று. நேரே கிரீஸிடம் போய் உறையைக் காட்டினேன். அவன் தலையைச் சொறிந்துகொண்டு எல்லாவற்றையும் கொட்டிவிட்டான். அம்மா ஒரு நாள் கடைக்கு வந்து அந்த போல்ட்டை எப்படித் தளர்த்துவது என்று கேட்டுக்கொண்டாளாம். நானே வந்து செய்யறேன்மா என்றானாம். வேண்டாம், நீ செஞ்சா உளறிடுவ, நானே செஞ்சாத்தான் வெளியே வராது என்றாளாம். எதற்கும்மா இவ்வளவு கஷ்டம், சார்கிட்டயே சொல்லி ஏத்திடலாமே என்று கேட்டிருக்கிறான். அவர் வீட்ல உட்கார்ந்தா பால் படியைச் சோதிப்பாரு, கறிகாய் எடையைச் சோதிப்பாரு, அப்புறம் என் தையலைச் சோதிப்பாரு, அவர் வெளியே போனாத்தான் எனக்கு நிம்மதி என்று சொல்லிவிட்டுப் போனாளாம். இந்தக் காரணத்தை நான் பாதிதான் நம்புகிறேன். அந்த போல்ட்டை இறுக்கியவன் நான், என் முழு பலத்தையும் போட்டு இறுக்கியது. மூட்டு வலிக்காரி தரையில் மண்டியிட்டு, நான் நடந்து வெளியே போயிருந்த நேரம் பார்த்து, அதைத் திருகியிருக்கிறாள், அதுவும் இரண்டு தடவை, முதலில் பாதி, பழகின பிறகு மீதி. இரண்டு தடவை கத்தரி, இரண்டு தடவை ஊசி. வாயால் விற்கச் சொல்லிக்கொண்டே கையால் என்னை ஏற்றி அனுப்பியிருக்கிறாள். நடையில் சைக்கிள் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன் பாப்பா. கண் கலங்கிவிட்டது, அதையும் எழுதிவிடுகிறேன்.

இனி உன் கணக்குக்கு வருகிறேன். அளவு சொன்னது யார் என்று யோசித்தேன். அம்மாவுக்குக் கழுத்து, தோள், இடுப்பு அளவு தெரியும், சைக்கிளில் உட்கார்ந்தவனுக்கு முதுகு எந்தக் கோணத்தில் இருக்க வேண்டும் என்று தெரியாது. பிறகு நினைவு வந்தது. நீ திடீரென்று ஒரு நாள், அப்பா, சைக்கிள்மேல உட்கார்ந்து பக்கவாட்டுல ஒரு படம் அனுப்புங்க, குழந்தை தாத்தாவைக் காட்டச் சொல்லிக் கேட்டுட்டே இருக்கான் என்றாய். நான் தலை வாரி, சட்டை மாற்றி, சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து படம் அனுப்பினேன். குழந்தைக்கு இன்னும் பேச்சே வரவில்லை என்பது எனக்கு அன்றைக்கு உறைக்கவில்லை. அதற்குப் பிறகு இன்னொரு படம் கேட்டாய், முழங்கை தெரியணும் என்றாய். ஆக, நீ அங்கே உட்கார்ந்து படத்தில் கோடு போட்டுச் சொல்லச் சொல்ல இங்கே கத்தரி ஓடியிருக்கிறது. என் முதுகுக்குப் பின்னால் என் முதுகைப் பற்றி ஆத்தாளும் மகளுமாகச் சேர்ந்து ஒரு சதி. இதைப் படிக்கும்போது உன் முகம் எப்படிப் போகும் என்று எனக்குத் தெரியும், கீழுதட்டைக் கடித்துக்கொள்வாய். கோபமாக எழுந்து போனாய் என்று இத்தனை மாசமும் நினைத்துக்கொண்டிருந்தேன். கோபத்தில் போகவில்லை, வேலையைப் பார்க்கப் போயிருக்கிறாய்.

அம்மா சித்தி வீட்டிலிருந்து வந்தாள். கண்ணாடியை நான் சரியாகப் பொருத்திவிட்டேன், ஆனால் வந்ததும் வராததுமாக அலமாரியைப் பார்த்து, இது என்ன இவ்வளவு சுத்தமா இருக்கு என்றாள். எனக்குத்தான் சந்தேக புத்தி என்று எல்லாரும் சொல்கிறீர்கள். துடைத்தேன் என்றேன். அவள் நம்பவில்லை. இன்றைக்கு ஞாயிறு. காலையில் வழக்கம்போல ரீப்பரை எடுத்தேன், ரசமட்டம் வைத்தேன், ஆணியிலிருந்து டேப்பை எடுத்தேன். மிஷின் சத்தம் நின்றுவிட்டது. கட்டைவிரலால் முனையை மூடிக்கொண்டு அளந்து, அவளுக்குக் கேட்கும்படி, "மூணு அங்குலம். அப்படியேதான் இருக்கு" என்றேன். உள்ளேயிருந்து அவள், "அப்படியேதான் இருக்கும். நீங்க என்ன மாறவா போறீங்க?" என்றாள். பிறகு மிஷின் ஓட ஆரம்பித்தது. டேப்பைத் திரும்ப மாட்டிவிட்டு வந்து இதை எழுத உட்கார்ந்தேன்.

நீயும் உன் உடம்பைப் பார்த்துக்கொள். வீடியோவில் பார்த்தேன், மடியில் கம்ப்யூட்டரை வைத்துக்கொண்டு கூனிக் கூனி வேலை செய்கிறாய், ஊருக்கு உபதேசம் பண்ணுகிறவள் முதலில் அதை ஒரு மேசைமேல் ஏற்றி வை. குழந்தையை ஒரே இடுப்பில் தூக்காதே, மாற்றி மாற்றித் தூக்கு. மாப்பிள்ளையை வெயிலில் தொப்பி போட்டுக்கொள்ளச் சொல். அங்கே கறிகாய் வாங்கும்போது தராசின் முள்ளைப் பார்த்து வாங்கு, வெளிநாட்டுத் தராசும் தராசுதான்.

கடைசியாக ஒன்று, இதற்காகத்தான் இவ்வளவும் எழுதினேன். நேற்றுப் பயணச் சாமான்களையெல்லாம் ஏற்றிக்கொண்டு நீண்ட தூரம் ஓட்டிப் பார்த்தேன். இடுப்பு நன்றாக இருக்கிறது. ஆனால் சாயங்காலம் ஆனதும் கழுத்தும் தோளும் கொஞ்சம் இழுக்கின்றன, உள்ளங்கை மரத்துப்போகிறது, இன்னும் எடை கையில் விழுகிறது என்று நினைக்கிறேன். முகத்துவாரம்வரை அது தாங்காது. இன்னும் அரை அங்குலம் ஏற்றினால் சரியாகிவிடும். நானே ஏற்றிவிடலாம், போல்ட் சாவி என்னிடம்தான் இருக்கிறது. ஆனால் நான் ஏற்றினால் நான் ஏற்றியதாகிவிடும், அப்புறம் வண்டியை விற்க வேண்டும், சொன்ன சொல் இருக்கிறது இல்லையா. அம்மாவிடம் நேரே கேட்கலாம் என்றால், இவ்வளவு பாடுபட்டு மறைத்தவளுக்கு அது தோல்வி மாதிரி ஆகிவிடும், அதற்கும் எனக்கு மனம் வரவில்லை. ஆகவே நீ கடிதம் கிடைத்ததும் அவளுக்குப் போன் பண்ணு. நீயாகவே கண்டுபிடித்ததுபோல், அந்தப் படத்தை மறுபடி பார்த்தேன், இன்னும் அரை அங்குலம் வேண்டும் என்று சொல். டேப்பில் எவ்வளவு வெட்ட வேண்டும் என்று அவளுக்குத் தெரியும். அடுத்த மாசம் முதல் புதன்கிழமை காலை நான் கேஷியர் வீட்டுக்கு நடந்தே போகப் போகிறேன், மதியம்வரை வர மாட்டேன், அதையும் பேச்சோடு பேச்சாகச் சொல்லிவிடு. எனக்குத் தெரியும் என்பது மட்டும் அவளுக்குத் தெரியக் கூடாது.

நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் ஒரு குறையும் இல்லாமல் நீண்ட நாள் நன்றாக இருக்க வேண்டும் என்று வாழ்த்துகிறேன். குழந்தைக்குப் பேச்சு வந்ததும் முதலில் உண்மையைப் பேசக் கற்றுக்கொடு, நம் வீட்டில் அது கொஞ்சம் குறைந்து வருகிறது. கடிதத்தைப் படித்ததும் கிழித்துப் போடு, பத்திரமாக வைக்கிறேன் என்று எங்கேயாவது வைத்து அம்மா வரும்போது மாட்டிக்கொள்ளாதே. போன் பண்ண மறக்காதே.

இப்படிக்கு,
உன்னையும் உன் அம்மாவையும் எப்போதும் ஒரு கண் பார்த்துக்கொண்டிருக்கும்
அப்பா

பின்குறிப்பு: போல்ட் சாவியை இனி அவள் தேடி அலைய வேண்டாம் என்று சீட்டுக்குக் கீழேயே வைத்துவிட்டேன். அந்த போல்ட்டையும் கொஞ்சம் தளர்த்தி எண்ணெய் விட்டிருக்கிறேன், அழுத்தாமலே திரும்பும். மண்டியிட்டால் முட்டி வலிக்காமல் இருக்க ஒரு பழைய கோணியை நாலாக மடித்து அங்கே போட்டிருக்கிறேன். எதற்கு என்று கேட்டாள். எண்ணெய் சிந்தினால் துடைக்க என்று சொன்னேன்.